உடம்பு விடுகிற அளவுக்கு ஸ்விங்: வலியும் இறுக்கமும் உள்ளவர்களுக்கான கோல்ஃப் வழிகாட்டி

கால்வின் பீட்டுக்குச் சிறுவயதில் இடது முழங்கை உடைந்தது. அதன்பின் அந்தக் கை முழுதாக நீளவே இல்லை. "இடது கையை நேராக வை" என்பது கோல்ஃபில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அதைக் கடைப்பிடிக்க முடியாத அவர்தான் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள், அமெரிக்க பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் டிரைவர் (முதல் நீள அடிக்கான கிளப், அதாவது மட்டை) அடியை ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல்வெளியில்) போடுவதில் முதலிடத்தில் இருந்தார். 1954-இல் அமெரிக்க ஓப்பனை வென்ற எட் ஃபர்கோலுக்கும் இடது முழங்கை வளைந்தபடியே நின்றுவிட்டது.

இது எப்படி முடிகிறது என்றால், பந்துக்கு உங்கள் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. கிளப் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கிளப் எந்தப் பாதையில் வருகிறது, முகத்தின் எந்த இடத்தில் படுகிறது, வளைவின் அடிப்புள்ளி எங்கே விழுகிறது, எவ்வளவு வேகம்: இந்த ஐந்துதான் பந்தை நடத்துகின்றன. இவை சரியாக வரும்வரை உடம்பை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முழு ஸ்விங்குக்கு உடம்பு மொத்தமாக இவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இடுப்பு மூட்டு தன் பங்கைத் தராவிட்டால் அந்தப் பாக்கியை வேறொரு மூட்டு கட்ட வேண்டியிருக்கும். எது கட்டுவது என்று நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், அது கீழ்முதுகின் தலையில்தான் விழும். கீழ்முதுகு எலும்புகள் முன்னும் பின்னும் வளைவதற்கானவை. பக்கவாட்டில் அவை திரும்புவது மிகக் குறைவு. கோல்ஃப் ஆடுபவர்களிடம் முதுகுவலி இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பெங்களூரில் ஐம்பதைத் தாண்டி கிளப்பைக் கையில் எடுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இருபது, முப்பது வருடம் கணினி முன் உட்கார்ந்த இடுப்பும் நடுமுதுகும் திரும்புவதை மறந்திருக்கும். அதன்மேல் ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ ஒரு மணி நேரம் காரில் குறுகி உட்கார்ந்து வந்து, இறங்கியதும் டிரைவரைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

கீழே உள்ளவை வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியவை. இடக்கை ஆட்டக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படிக்கவும். காலுக்குள் இறங்கும் வலி, மரத்துப்போதல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி, ஆடும்போது மார்பில் இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்விங்கை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் எப்போது முழு ஸ்விங் தொடங்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

முதலில், எந்த மூட்டு?

"எனக்கு உடம்பு வளையாது" என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை. எது, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

நடுமுதுகு: நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையை இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிளப்பை மார்பின் குறுக்கே தோளோடு சேர்த்துப் பிடியுங்கள். தலையணை நகராமல் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்புங்கள். கிளப் 45 பாகை வரை போக வேண்டும். தரை ஓட்டின் மூலைவிட்டத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம். அதில் பாதிதான் வருகிறது என்றால் நீளமான பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்கும் அசைவு) உங்களுக்கானதல்ல.

இடுப்பு: அதே நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து வைத்து, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்குங்கள். கீழ்க்கால் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் அந்தப் பக்க இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்பும். 30 பாகைக்குக் கீழே இருந்தால் ஸ்விங்கில் அது தடையாகும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். வலது இடுப்பு பேக்ஸ்விங்குக்கு, இடது இடுப்பு பந்தை அடித்துக் கடந்துபோவதற்கு. தீர்வுகள் வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

தோள்: வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை 90 பாகை மடக்கி, கை விரல்கள் வானத்தைப் பார்க்கும்படி முன்கையைப் பின்னால் திருப்புங்கள். செங்குத்துவரை வரவில்லை என்றால் பேக்ஸ்விங் உச்சியில் வலது முழங்கை பறக்கும். இடது கையை மார்பின் குறுக்கே கொண்டுபோங்கள். முழங்கை மார்பின் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் உறைவது அதிகம் வரும். அவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

சமநிலை: ஒற்றைக் காலில் 10 விநாடி கண் திறந்தபடி. முடியவில்லை என்றால் எடையை வலது காலுக்கும் இடது காலுக்கும் பெரிதாக மாற்றும் ஸ்விங் வேண்டாம்.

நிற்கும் விதத்திலேயே பாதி தீர்ந்துவிடும்

அசைவை மாற்றுவது கடினம். பழக மாதங்கள் ஆகும். நிற்கும் விதத்தை மாற்றுவது இன்றைக்கே முடியும், நாளைக்கும் அப்படியே இருக்கும். எனவே எப்போதும் பாதத்திலிருந்து தொடங்குங்கள்.

வலது இடுப்பு திரும்பாதவர்கள் வலது பாதத்தை வெளிப்பக்கம் 20 முதல் 30 பாகை திருப்பி வையுங்கள். பாதத்தோடு தொடை எலும்பும் வெளியே திரும்பி நிற்பதால், இடுப்பு மூட்டுக்குத் திரும்ப அந்த அளவு கூடுதல் இடம் கிடைக்கிறது. அது போதவில்லை என்றால் வலது பாதத்தை இலக்குக் கோட்டிலிருந்து 2 முதல் 4 அங்குலம் பின்னால் இழுங்கள். பேக்ஸ்விங் தானாக நீளும். ஆனால் கிளப் பாதை உள்ளிருந்து வெளியே போகும். பந்து வலப்பக்கம் நேராகவோ, இடப்பக்கம் வளைந்தோ போக ஆரம்பித்தால் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடது இடுப்பு திரும்பாதவர்களுக்கு இதற்கு நேர்மாறு. இடது பாதத்தை 30 பாகை வரை திருப்பி, அந்தப் பாதத்தையே ஒரு அங்குலம் பின்னால் வையுங்கள். பேக்ஸ்விங் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இடது இடுப்பு இறுக்கமாக இருப்பவர் வலது பாதத்தைப் பின்னால் இழுப்பதுதான் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடத்தில்) அடிக்கடி பார்க்கிற தவறு. பேக்ஸ்விங்கில் சுகமாக இருக்கும். பந்தைத் தாண்டும்போது இடுப்பு பூட்டிக்கொள்ளும், முதுகு முறுகும். யாரோ ஒருவருக்குப் பலித்ததை அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது இது.

இரண்டு இடுப்பும் நடுமுதுகும் இறுகியவர்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழி, பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தரையிலிருந்து எழவிடுவது. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் உச்ச நாட்களில் அப்படித்தான் ஆடினார். குதிகால் எழும்போது இடுப்பெலும்பு மொத்தமாகத் திரும்புகிறது. முதுகெலும்பு முறுக வேண்டிய அளவு அந்த அளவுக்குக் குறைகிறது. ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் எழுந்தால் போதும். இறங்கும்போது முதல் அசைவே அந்தக் குதிகாலைப் பழைய இடத்தில் ஊன்றுவதாக இருக்கட்டும். அது பழைய இடத்துக்கு வராமல் வெளியே விழுந்தால் இடுப்பு நழுவுகிறது என்று அர்த்தம், பந்து கிளப் முகத்தின் ஓரத்தில் படும்.

கீழ்முதுகு

முதுகை நேராக, கம்பி மாதிரி விறைத்து வைக்கச் சொல்வார்கள். இறுக்கமான முதுகுக்கு அது கூடுதல் சுமை. இடுப்பிலிருந்து மடங்குங்கள், முதுகு இயல்பாக இருக்கட்டும், கீழ்முதுகைக் குழித்து வைக்காதீர்கள். குழித்து வைத்தால் வயிற்றுத் தசை வேலை செய்யாது.

முதுகைக் கெடுக்கும் முதல் தவறு, பேக்ஸ்விங் உச்சியில் மேல்உடம்பு இலக்கின் பக்கம் சாய்வது. பின்னால் திரும்ப வேண்டிய உடம்பு திரும்ப முடியாமல் பக்கவாட்டில் வளைகிறது. பிறகு இறங்கும்போது கீழ்முதுகின் வலப்பக்க மூட்டுகள் நசுங்குகின்றன. ஆடி முடித்த மாலையில் முதுகின் வலப்பக்கம் மட்டும் வலித்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கண்டுபிடிக்க ஃபோன் போதும். உங்கள் மார்புக்கு நேர் எதிரே, பெல்ட் உயரத்தில் ஃபோனை வைத்துப் படம் எடுங்கள். பந்துக்கு முன் நிற்கும்போது தலை இருந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு கற்பனை செய்யுங்கள். உச்சிக்குப் போகும்போது தலை அந்தக் கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கம் வரக் கூடாது. வலப்பக்கம் ஓரிரு அங்குலம் நகர்ந்தால் பரவாயில்லை. ஃபோன் இல்லாவிட்டால் கேடியை (பையைத் தூக்கி உடன் வருபவரை) கேளுங்கள். தமிழ் தெரிந்த கேடி கிடைப்பது பெங்களூரில் கடினமில்லை. "அண்ணே, இந்த ரெண்டு அடிக்குப் பந்தைப் பார்க்க வேண்டாம், என் தலையை மட்டும் பாருங்க" என்று சொன்னால் போதும். எத்தனையோ ஸ்விங்குகளைப் பார்த்த கண் அது, சரியாகச் சொல்லிவிடும்.

திருத்த மூன்று வழி உண்டு. நிற்கும்போதே வலது தோளை இடது தோளைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, மேல்உடம்பு இலக்கிலிருந்து சற்று விலகிச் சாய்ந்திருக்கட்டும். இடது குதிகாலை எழவிடுங்கள். பேக்ஸ்விங்கைக் குறையுங்கள்: இடது கை தரைக்கு இணையாக வந்ததும் திரும்பிவிடுங்கள். கடைசி வழியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், தூரம் போய்விடும் என்ற பயத்தில். 7-ஆம் அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) அதனால் போவது பெரும்பாலும் ஒரு கிளப் அளவு, அதாவது 10 யார்டு சொச்சம். முகத்தின் நடுவில் படும் அடிகள் கூடுவதால் அதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும்.

அடித்து முடிக்கும் தோற்றமும் முக்கியம். இடுப்பை முன்னே தள்ளி, தலையைப் பின்னால் விட்டு, வில் போல வளைந்து முடிப்பது பழைய பாணி. அந்த வளைவு முழுவதும் கீழ்முதுகில்தான். அதற்குப் பதிலாக, தலை இடது காலுக்கு மேலே வந்து, நிமிர்ந்த உடம்பாக முடியுங்கள். இன்னும் சுலபமானது, பந்தை அடித்ததும் வலது காலை எடுத்து இலக்கை நோக்கி ஒரு அடி நடந்துவிடுவது. இன்னொரு ஜாம்பவான் கேரி பிளேயர் இப்படி நடந்தபடி முடிப்பதற்குப் பேர்போனவர். சுழலும் வேகத்தை முதுகும் இடது முழங்காலும் சேர்ந்து நிறுத்த வேண்டிய அவசியம் அதில் இல்லை.

ஸ்விங்கை விட முதுகைத் தொந்தரவு செய்வது குனிவதுதான். 18 தடவை டீ (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) ஊன்ற, 18 தடவை குழியிலிருந்து பந்தை எடுக்க, கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரையில்) குறியிட்டு எடுக்க ஏறக்குறைய இன்னொரு 18. ஒரு கையால் கிளப்பை ஊன்றி, எதிர்ப்பக்கக் காலைப் பின்னால் தூக்கிக் குனியுங்கள். பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) கைப்பிடியின் முனையில் மாட்டும் சிறு ரப்பர் உறிஞ்சியை வாங்கினால் குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனியவே வேண்டாம்.

முழங்கால்

இடது முழங்கால்தான் அதிகம் அடிவாங்கும். பாதம் தரையில் பூட்டியிருக்க, மேலே தொடை சுழல்கிறது. நடுவில் முழங்கால் முறுகுகிறது. இடது பாதத்தை 30 பாகை திருப்புங்கள், முன்னே சொன்ன நடந்து முடிக்கும் முறையைப் பின்பற்றுங்கள், பற்கள் உள்ள ஷூவுக்குப் பதில் ஸ்பைக் இல்லாத ஷூ போடுங்கள். பாதம் கொஞ்சம் வழுக்கித் திரும்புவது முழங்காலைக் காக்கும். ஆனால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, புல் ஊறிக் கிடக்கும் காலத்தில் ஸ்பைக் இல்லாத ஷூ ஆபத்து. அப்போது மென் ஸ்பைக் போட்டு, ஸ்விங்கை முக்கால் அளவாகக் குறைப்பதுதான் சரி. வலது முழங்கால் பலவீனமானவர்கள் தொடக்கத்திலிருந்தே எடையில் 60 சதவீதத்தை இடது காலில் வைத்து, கடைசிவரை அங்கேயே வைத்திருக்கலாம். டிரைவரில் பந்து தாழ்வாகப் போகும், எனவே டீயைக் கால் அங்குலம் உயர்த்துங்கள்.

தோளும் முழங்கையும்

வலது தோள் பின்னால் திரும்பாதவர்கள் கையை உயரத் தூக்குவதை விட்டுவிட்டு, கிளப்பை உடம்பைச் சுற்றித் தட்டையாகக் கொண்டுபோக வேண்டும். வலது முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே இருக்கட்டும். பந்திலிருந்து அரை அடி பின்னால் நின்று, கொஞ்சம் நிமிர்ந்து ஆடுங்கள்.

இடது தோள் மார்பைக் கடக்காவிட்டால் இடது முழங்கையை மடங்கவிடுங்கள். ஒரே நிபந்தனை, பந்தின் முன் நிற்கும்போதே அந்த மடிப்பு இருக்க வேண்டும். நேராக நின்று, மேலே மடங்கி, கீழே மீண்டும் நீட்டப் பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் ஆரம் மாறும். ஒரு பந்து தரையைத் தோண்டும், அடுத்தது பந்தின் தலையில் படும். மடங்கிய அளவிலேயே தொடங்கி அதே அளவில் முடித்தால் அடிப்புள்ளி நிலைக்கும். அதற்காகப் பந்துக்குக் கொஞ்சம் நெருங்கி நிற்க வேண்டியிருக்கும்.

முழங்கை வலியில் இரண்டு வகை. வெளிப்பக்க வலி பெரும்பாலும் முன்னே செல்லும் இடது கையில் வரும், உட்பக்க வலி வலது கையில். இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் இறுக்கிப் பிடிப்பதும் ரேஞ்ச் மேட்டும் (செயற்கைப் புல் விரிப்பு). மெல்லிய மேட்டின் அடியில் கான்கிரீட் இருக்கும். பந்துக்கு முன்னே மேட்டில் பட்ட கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடுவதால் தவறு கண்ணுக்குத் தெரியாது, அதிர்ச்சி மட்டும் முழங்கைக்குப் போகும். வலி இருக்கும் காலத்தில் மேட்டில் பந்தைக் குட்டை ரப்பர் டீயின் மேல் வைத்தே அடியுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செம்மண் இறுகிக் கிடக்கும் ஃபேர்வேயிலும் இதே அபாயம் உண்டு. அங்கே அயர்னை விட்டு ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) எடுங்கள், அதன் அகன்ற அடிப்பாகம் தரையில் குத்தாமல் வழுக்கும்.

கையும் கிரிப்பும்

கட்டைவிரல் மூட்டிலும் விரல் கணுக்களிலும் வாதம் உள்ளவர்கள் விரல்களைக் கோத்துப் பிடிப்பதையும் மேலேற்றிப் பிடிப்பதையும் விட்டு, பத்து விரலும் கிரிப்பில் (கைப்பிடியில்) படும் பேஸ்பால் பிடிக்கு மாறலாம். இடது கட்டைவிரலை நீட்டாமல் உள்ளே இழுத்து வைத்தால் அதன் அடிமூட்டில் அழுத்தம் குறையும். இடது கையை வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்க்கும்போது மூன்று விரல்முட்டிகள் தெரியும்படி பிடியுங்கள். உடம்பு குறைவாகத் திரும்பும்போது கிளப் முகம் திறந்தே (வலப்பக்கம் பார்த்தபடி) வரும், இந்தப் பிடி அதை மூட உதவும்.

கிரிப்பின் தடிமனையும் மாற்றுங்கள். மிட்சைஸ் கிரிப் வழக்கமானதைவிட 1/16 அங்குலம் தடிமன் கூடியது, ஜம்போ 1/8 அங்குலம். தடித்த கிரிப்பை மூடிப் பிடிக்க விரல்கள் முழுதாக மடங்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க, கிரிப் மாற்றும் கடையில் அடியில் கூடுதல் டேப் சுற்றச் சொல்லலாம். ஒரு சுற்றுக்கு 1/64 அங்குலம், நான்கு சுற்று போட்டால் மிட்சைஸ். தடிமன் கூடும்போது கைகள் கிளப்பைத் திருப்பும் வேகம் குறைவதால் பந்து வலப்பக்கம் வளையலாம். அதனால் எல்லாக் கிளப்புக்கும் ஒரேயடியாகப் போடாமல், முதலில் 7-ஆம் அயர்னில் மட்டும் போட்டு இரண்டு வாரம் ஆடுங்கள்.

ஒற்றைக் கை, ஊன்றுகோல், சக்கர நாற்காலி

ஒரு கையால் ஆடுபவர்களுக்கு உடம்பே கிளப்பைத் திருப்ப வேண்டும். மணிக்கட்டால் விசிறினால் முகம் கட்டுக்குள் நிற்காது. மேல்கையை விலாவோடு ஒட்டி வைத்து மார்பைத் திருப்புங்கள், பந்தை இரு பாதங்களுக்கு நடுவில் வையுங்கள், லேசான ஷாஃப்ட் (கிளப் தண்டு) எடுங்கள். உட்கார்ந்து ஆடுபவர்கள் இருக்கையின் முன் விளிம்புக்கு வந்து, பந்தை முழங்காலுக்கு வெளியே, வளைவு தடைப்படாத தூரத்தில் வைக்க வேண்டும். கிளப்பின் சாய்வு தட்டையாக இருக்க வேண்டும், அதைக் கிளப் சரிசெய்பவரிடம் வளைத்துக்கொள்ளலாம்.

2023-ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் மாற்றுத்திறன் கொண்ட ஆட்டக்காரர்களுக்கான மாற்றங்கள் விதி 25-ஆகப் பிரதான விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டன. கை, கால் இழந்தவர்கள், பார்வையற்றவர்கள், நடக்கத் துணைக்கருவி பயன்படுத்துபவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். சக்கரம் உள்ள கருவியில் ஆடுபவர், ஆட முடியாத பந்தை மணற்குழியிலிருந்து வெளியே எடுக்க மற்றவர்களுக்கு இரண்டு அடி தண்டனை என்றால் இவருக்கு ஒன்றே. போட்டியில் பெயர் கொடுக்கும்போதே கிளப் செயலரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நின்று விவாதிக்க வேண்டாம்.

நீளப் பட்டருக்குத் தடை இல்லை. முதுகு வளைக்காமல் பட் செய்ய அது நல்லது. ஆனால் 2016 முதல் கிளப்பையோ பிடித்த கையையோ உடம்பில் ஊன்றி ஆடுவது பொதுவாக விதிமீறல். மார்பிலிருந்து விலக்கிப் பிடியுங்கள், அல்லது பட்டரின் தண்டை முன்கையோடு சேர்த்துப் பிடியுங்கள், அது அனுமதிக்கப்பட்டது.

கிளப் பை

உடம்பை மாற்றுவதைவிடப் பையை மாற்றுவது சுலபம், அதிகம் பேர் செய்யத் தயங்குவதும் இதைத்தான். 3 முதல் 6 வரையிலான அயர்ன்களை எடுத்துவிடுங்கள். அவற்றின் இடத்தில் 18 பாகை முகச்சாய்வில் 5-வுட், 21-இல் 7-வுட், 25, 28 பாகைகளில் ஹைபிரிட்கள். குறைந்த வேகத்திலும் இவை பந்தை உயர்த்தும். டிரைவர் 12 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஸ்டீல் ஷாஃப்ட் ஏறத்தாழ 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 70-க்குள் கிடைக்கும். எடை மட்டுமல்ல, அதிர்வும் குறையும். டிரைவரில் பந்து காற்றில் 200 யார்டு போகாதவர்கள் சீனியர் ஃபிளெக்ஸ் (எளிதில் வளையும்) ஷாஃப்டை எடுத்துச் சோதியுங்கள்.

குனிய முடியாதவர்கள் அயர்ன்களை அரை அங்குலம் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அரை அங்குல நீளம் கிளப்பை ஏறக்குறைய 1 பாகை நிமிர்த்திவிடும், பந்து இடப்பக்கம் போகும். நீட்டச் சொல்லும்போதே லை கோணத்தை (தண்டு தரையோடு சேரும் கோணத்தை) 1 பாகை தட்டையாக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு ஸ்விங்கில் தவறு தேடுபவர்கள் நிறைய.

பழகும் வரிசை

காரிலிருந்து இறங்கியதும் பந்தைத் தொடாமல் 6 நிமிடம். இரண்டு நிமிடம் வேகமாக நடங்கள். கிளப்பைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 முறை ஆட்டுங்கள். கிளப்பைத் தோளின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் 10 முறை மெதுவாகத் திரும்புங்கள். பிறகு பந்தில்லாமல் 10 அரை ஸ்விங். டிசம்பர், ஜனவரி காலை 6 மணி குளிரில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

பந்து அடிப்பது 50 போதும். முதல் 15 வெட்ஜில் (குறைந்த தூரத்துக்கான கிளப்), இடது கை தரைக்கு இணையாகப் போய், மறுபக்கம் வலது கை தரைக்கு இணையாக முடியும் அளவில். அடுத்த 20 அதே அளவில் 7-ஆம் அயர்ன். பிறகு 10 ஹைபிரிட். கடைசி 5 மட்டும் டிரைவர். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பாதத் திருப்பலையும் புதிய பிடியையும் ஒரே நாளில் தொடங்கினால், பந்து வலப்பக்கம் போனது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள்.

பந்து போகும் விதமே உடம்பில் எது நின்றுபோனது என்று சொல்லும். இடப்பக்கம் கூர்மையாக வளைந்தால் உடம்பு திரும்புவதை நிறுத்திவிட்டது, கைகள் மட்டும் சுழல்கின்றன. இடது பாதத்தை இன்னும் 10 பாகை திருப்புங்கள், நடந்து முடியுங்கள். வலப்பக்கம் வளைந்தால் இடுப்பு அசையும் முன் தோள் முந்துகிறது. இடது குதிகாலை ஊன்றிய பிறகே கை இறங்கட்டும். பந்துக்குப் பின்னே தரையில் குத்தினால் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது. 60 சதவீதத்தை இடது காலில் வைத்தே தொடங்குங்கள். பந்தின் தலையில் பட்டால் இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளி உடம்பு நிமிர்கிறது. இடது இடுப்புக்கு இடம் இல்லாதபோது இது நடக்கும், மீண்டும் இடது பாதம்தான்.

கோர்ஸில்

முன் டீயிலிருந்து ஆடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உங்கள் 5-ஆம் அயர்ன் (அல்லது அதன் இடத்தில் வைத்த 25 பாகை ஹைபிரிட்) தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்களுக்கு ஏற்ற கோர்ஸ் நீளம். 5-ஆம் அயர்ன் 130 யார்டு போகிறதென்றால் 4,680 யார்டு. அதைவிட 1,500 யார்டு நீளமான டீயில் நின்றால் ஒவ்வொரு ஹோலிலும் இருக்கிற பலம் முழுவதையும் போட்டு அடிக்கத் தோன்றும். இத்தனை நாள் குறைத்துப் பழகிய ஸ்விங் முதல் மூன்று ஹோலிலேயே காணாமல் போகும்.

நகருக்கு நடுவே 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்பிலோ, பழைய விமான நிலையம் பக்கம் உள்ள கேஜிஏவிலோ (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) நடந்து ஆடலாம் என்று தோன்றினாலும், முதல் மாதம் 9 ஹோலோடு நிறுத்துங்கள். பிடதி, நந்தி மலைப் பக்கத்து ரிசார்ட் கோர்ஸ்களில் பகி (கோல்ஃப் வண்டி) எடுத்துக்கொள்ளுங்கள். பகியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு இறுகுபவர்கள் ஒரு ஹோல் விட்டு ஒரு ஹோல் நடக்கலாம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து பந்து ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதலாகப் போகிறது. 150 யார்டு அடியில் 5 யார்டு அளவு. பேக்ஸ்விங்கைக் குறைத்ததில் போன 10 யார்டில் பாதியை ஊரே திருப்பித் தருகிறது. விடுமுறைக்குச் சென்னை போய் ஆடும்போது அந்த 5 யார்டு இருக்காது. அங்கே ஸ்விங்கை நீட்டாமல் ஒரு கிளப் பெரிதாக எடுங்கள். ஊட்டியில் 2,200 மீட்டர் உயரம், பந்து இன்னும் தூரம் போகும். ஆனால் அங்கே சரிவுகள் அதிகம். இடது கால் பள்ளத்தில் இருக்கும் சரிவில் முழங்கால் வலி உள்ளவர்கள் அரை ஸ்விங்குக்கு மேல் போக வேண்டாம். பந்தை ஒரு பந்து அகலம் வலது பாதத்தின் பக்கம் வைத்து, ஒரு வெட்ஜில் ஃபேர்வேக்குத் திருப்பிவிட்டு, அடுத்த அடியைச் சமதரையில் நின்று ஆடுங்கள்.